நேரோபோட்டில் ஒரு வாரம் – வாசகர் கடிதம்

வணக்கம்.

நான் லெஸ்டரில் இருக்கிறேன். கோடை விடுமுறைக்கு ஒரு நேரோபோட்டை (கால்வாயில் ஓடும் ஒடுக்கமான வீட்டுப் படகு) வாரக் கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம் என்று வீட்டில் பேச்சு. மனைவி, 10 வயது மகள், 6 வயது மகன், ஊரிலிருந்து வரும் அம்மா (71), நான். ஃபோர் கவுண்டீஸ் ரிங் என்ற கால்வாய்ச் சுற்றை முழுதாகச் சுற்றிவர ஆசை. ஆனால் போய்வந்த நண்பர் ஒருவர், “மழை, டாய்லெட் தொல்லை, லாக்குக்கு லாக் (படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி) எங்களுக்குள் சண்டை. காசு கொடுத்து வேலையை வாங்கிக்கொண்டோம்” என்கிறார். ஆலப்புழை ஹவுஸ்போட்டில் சுகமாக இருந்த நினைவோடு கேட்கிறேன், போகலாமா?

க.

அன்புள்ள க.,

போகலாம். ஆனால் அந்தச் சுற்று வேண்டாம்.

ஃபோர் கவுண்டீஸ் ரிங் சுமார் 110 மைல், 94 லாக். மைலையும் லாக்கையும் கூட்டி மூன்றால் வகுத்தால் எத்தனை மணி நேரம் ஆகும் என்று தெரிந்துவிடும். கால்வாயில் போகிறவர்கள் போடும் கணக்கு இது. இங்கே 68 மணி வருகிறது. பெரும்பாலும் முதல் நாள் பிற்பகலில்தான் படகு கைக்கு வரும், கடைசி நாள் காலையில் ஒப்படைத்துவிட வேண்டும். நடுவில் இருப்பது ஆறு நாள். நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டியிருக்கும். உடல் வலுவுள்ள நாலு பெரியவர்கள் அதை விரும்பியே செய்வார்கள். ஆறு வயதுப் பிள்ளையும் அம்மாவும் இருக்கும் படகில் அது கொடுமை. உங்கள் நண்பர் வீட்டுச் சண்டைக்கும் இப்படியொரு திட்டம்தான் காரணமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

ஆலப்புழையில் ஓட்ட ஒருவர், சமைக்க ஒருவர் உண்டு. இங்கே எல்லாம் நீங்கள்தான். உரிமம் கேட்கமாட்டார்கள், கிளம்பும்போது கூடவே சற்று வந்து சொல்லிக்கொடுத்துவிட்டு இறங்கிக்கொள்வார்கள். அதன்பின் பதினைந்து டன் இரும்பு உங்கள் கையில். சுக்கான் பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகின் முன்முனை வலப்பக்கம் போகும். பிரேக் கிடையாது, ரிவர்ஸ் போட்டு நிறுத்த வேண்டும். காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் தட்டையான அடியுள்ள படகு பக்கவாட்டில் நழுவிக் கரையில் ஒட்டிக்கொள்ளும். கழியை ஊன்றித் தள்ளித்தான் விடுவிக்க முடியும். ஓட்டுகிறவர் பின்முனையில் திறந்தவெளியில் நிற்கிறார், மழை முழுவதும் அவர் மேல்தான். நல்ல மழைக்கோட்டு, பேன்ட் எல்லாருக்கும் வாங்கிவிடுங்கள். அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

உள்ளே இடம் குறைவு என்று நண்பர் சொல்லியிருப்பார். உண்மை. வெளி அகலமே ஏழு அடிக்குச் சற்றுக் கீழே. 18-ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி போன்ற கால்வாய்ப் பொறியாளர்கள் ஏழடி அகலத்தில் லாக்குகளைக் கட்டினார்கள், இன்றைய படகும் அதில்தான் நுழைய வேண்டும். நிலக்கரியும் களிமண்ணும் ஏற்றிய நாட்களில் சரக்குக்கே இடம் போய்விட, பின்னால் பத்தடி நீள அறையில் அடுப்பு, கட்டில், பிள்ளைகள் என்று ஒரு குடும்பமே வாழ்ந்தது. அந்த அறையின் கதவுகளிலும் தண்ணீர்க் குடங்களிலும் அவர்கள் ரோஜாவும் கோட்டையும் வரைந்து வைத்தார்கள். முதலில் ரயில், பிறகு லாரி அவர்கள் தொழிலைத் தின்றன. 1962-63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து கிடந்ததோடு அது ஏறக்குறைய முடிந்தே போனது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கூட்டிப்போங்கள்.

இனி லாக். இரண்டு பக்கமும் கதவு வைத்த தொட்டி அது. மதகைத் திறந்து தண்ணீரை விட்டோ வடித்தோ படகை ஏற்றி இறக்குகிறோம். கதவைத் தள்ளுவதில் உங்கள் மகளும் சேர்ந்துகொள்ளலாம். முதுகைக் கதவின் நீண்ட மரக்கையில் கொடுத்துத் தள்ளத் தள்ள அந்தப் பெரிய கதவு மெல்ல நகரத் தொடங்கும்போது அவள் முகத்தைப் பாருங்கள். முன்பின் தெரியாதவர்களும் வந்து கைகொடுப்பார்கள். ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் கண் பிசகக் கூடாது. லாக்கில் படகு கீழே இறங்கும்போது மேல்கதவின் அடியில் ஒரு கல்திட்டு இருக்கும். அது எதுவரை நீள்கிறது என்று சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். படகின் பின்பகுதி அந்தக் கோட்டைத் தாண்டி முன்னாலேயே நிற்க வேண்டும். திட்டில் மாட்டிக்கொண்டால் நீர் இறங்க இறங்க முன்முனை சாய்ந்து சில நிமிடங்களில் படகு மூழ்கிவிடும். மாட்டியது தெரிந்தவுடன் கீழ்மதகை மூடுங்கள், பிறகு மேல்மதகைத் திறந்து தண்ணீரை ஏற்றுங்கள். மதகருகே நிற்பவர் எப்போதும் படகைப் பார்த்தபடி இருக்கட்டும், போனைப் பார்க்க வேண்டாம். பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட் கழற்றவே கூடாது. சுவருக்கும் படகுக்கும் நடுவே கையோ காலோ போகக் கூடாது.

உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்வது லாங்கொலன் கால்வாய். லாங்கொலன் ஊரிலிருந்து எல்ஸ்மியர் ஊர் வரை, நியூ மார்ட்டன் என்ற இடத்தில் இரண்டே லாக். வழியில் பொன்ட்கசுல்த்தே பாலம். டெல்ஃபோர்டு, ஜெஸப் என்ற பொறியாளர்கள் கட்டி 1805-இல் திறந்தது. டீ ஆற்றுக்கு மேலே 38 மீட்டர் உயரத்தில் 307 மீட்டர் நீளத்துக்கு ஒரு வார்ப்பிரும்புத் தொட்டி, அதில் தண்ணீர், அந்தத் தண்ணீரில் நீங்கள். நடைபாதை உள்ள பக்கத்தில்தான் கம்பித் தடுப்பு. மறுபக்கம் தொட்டியின் விளிம்போடு சரி, அதற்கப்பால் வெறும் வெளி. மகனை உள்ளே ஜன்னலருகே உட்காரவையுங்கள், பயமில்லாமல் முழுவதையும் பார்ப்பான். லாங்கொலனை நெருங்கும்போது இரண்டு படகு ஒதுங்க முடியாத குறுகலான இடங்கள் வரும். ஒருவர் கரைவழியே முன்னால் நடந்துபோய் எதிரே படகு வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஆகஸ்ட்டில் அங்கே நெரிசல், முடிந்தால் பள்ளி மூடியதும் ஜூலையிலேயே போய்விடுங்கள்.

நாளுக்கு நாலைந்து மணி நேரம் ஓட்டினால் போதும். வேக உச்சவரம்பே மணிக்கு 4 மைல்; கரையில் கட்டிய படகுகளைத் தாண்டும்போது இன்னும் குறைக்க வேண்டும், இல்லையேல் அவர்கள் அடித்த முளை பிடுங்கிக்கொள்ளும். முன்தளத்தில் அம்மா காபியோடு உட்கார்ந்திருப்பார். எஞ்சின் சத்தம் அங்கே அவ்வளவாக எட்டாது. நாரையும் மீன்கொத்தியும் கையெட்டும் தூரத்தில் இருக்கும். காரில் போகும் எந்தப் பயணத்திலும் அம்மாவுக்கு இப்படி ஒரு இருக்கை நீங்கள் தர முடியாது.

டாய்லெட் பற்றி: கழற்றி எடுக்கும் சிறு தொட்டியுள்ள கேசட் வகை என்றால் நீங்களே தூக்கிப்போய்க் கொட்ட வேண்டும். ஐந்து பேருக்கு அது தினப்படி வேலையாகிவிடும். பெரிய தொட்டியுள்ள, குழாய் வைத்து உறிஞ்சி எடுக்கும் பம்ப்-அவுட் வகையைக் கேட்டு வாங்குங்கள். இன்னொன்றையும் கேளுங்கள்: சில படகுகளில் சாப்பாட்டு மேசையை இறக்கித்தான் இரவில் கட்டிலாக்குவார்கள். அம்மாவுக்கு நிரந்தரக் கட்டில், ஏறி இறங்க அதிகம் செங்குத்தில்லாத படிக்கட்டு, இரண்டும் உண்டா என்று உறுதிசெய்த பிறகே முன்பணம் கட்டுங்கள்.