வலிப்பு மாத்திரையை இடுப்பு வலிக்குக் கொடுத்த டாக்டர்: வழக்குப் போடலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது, சிறுநீரகக் கோளாறு உண்டு. இடுப்பு வலிக்காக எங்கள் குடும்ப டாக்டர் காபாபென்டின் 300 மாத்திரையை 1-1-1 என்று எழுதிக் கொடுத்தார். நாலாம் நாள் விடியற்காலையில் பாத்ரூம் போகும்போது தலைசுற்றி விழுந்து, தொடை எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகிவிட்டது. அது வலிப்பு நோய்க்கான மாத்திரையாம். வேறு நோய்க்கான மருந்தைக் கொடுப்பது குற்றமில்லையா? போலீஸுக்குப் போகலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் கையில் வழக்கு இருக்கிறது. ஆனால் நீங்கள் நினைக்கும் இடத்தில் இல்லை.

அங்கீகாரம் பெற்ற நோயைத் தாண்டி ஒரு மருந்தை வேறொன்றுக்கு எழுதுவதை 'ஆஃப் லேபிள்' என்பார்கள். உலகம் முழுக்க நடப்பதுதான். 1940-ஆம் வருட மருந்துச் சட்டம் தயாரிப்பையும் இறக்குமதியையும் விற்பனையையும் கட்டுப்படுத்துகிறது. டாக்டரின் பேனாவை நேரடியாகப் பிடித்து நிறுத்தும் பிரிவு அதில் கிடையாது. அப்படி எழுதச் சொல்லிக் கம்பெனி விளம்பரம் செய்தால் அது வேறு கதை. இதே காபாபென்டினை அங்கீகாரமில்லாத நோய்களுக்கு விற்கத் தூண்டியதற்காக 2004-ல் அமெரிக்காவில் ஃபைசரின் துணை நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. மொத்தம் 43 கோடி டாலர் கட்ட வேண்டி வந்தது. 'வலிப்பு மாத்திரையை இடுப்பு வலிக்குக் கொடுத்தார்' என்று மட்டும் எழுதிப் போனால், எதிர்தரப்பு வக்கீல் பத்தே நிமிடத்தில் அதை உடைத்துவிடுவார்.

சரி, பிறகு எங்கே இருக்கிறது வழக்கு? நீங்கள் அனுப்பிய மருந்து நோட்டின் போட்டோவில். இடப்பக்கத்தில் மார்ச் மாதத் தேதியிட்டு, டாக்டரின் கையெழுத்திலேயே 'கிரியேட்டினின் 2.1' என்று இருக்கிறது, அடியில் ஒரு கோடு வேறு. கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு; 2.1 என்றால் கோளாறு இருப்பது டாக்டருக்குத் தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். எதிர்ப்பக்கத்தில், அதே பேனாவா என்று தோன்றும் நீல மையில், காபாபென்டின் 300, 1-1-1. இந்த மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும் என்று மருந்துடன் வரும் தாளிலேயே அட்டவணை இருக்கிறது. தலைசுற்றல், மயக்கமான தூக்கம் என்ற எச்சரிக்கையும் அதே தாளில்தான். அம்மாவின் எடையையும் வயதையும் வைத்து அவருக்கு எவ்வளவு கொடுத்திருக்கலாம் என்று ஒரு சிறுநீரக மருத்துவர் கணக்குப் போட்டு எழுதித் தரட்டும். உங்கள் வழக்கின் முதுகெலும்பு அந்தக் கடிதம்தான்.

இப்படி மருந்தின் தாளையே அளவுகோலாக எடுத்த முன்மாதிரி உண்டு. 1998-ல் இறந்த கொல்கத்தா அனுராதா சாஹாவின் வழக்கில், நாட்கணக்கில் இடைவெளி விட்டுப் போட வேண்டிய ஸ்டீராய்டு ஊசியை நாளுக்கு இரண்டு வேளை எழுதியதை உச்ச நீதிமன்றம் 2009-ல் அலட்சியம் என்றது.

இரண்டாவது, சொல்லாமல் கொடுத்தது. என்ன சிகிச்சை, என்ன ஆபத்து, மாற்று வழி என்ன என்று நோயாளிக்குத் தெரிவித்துச் சம்மதம் வாங்க வேண்டும் என்று சமீரா கோலி வழக்கில் (2008) உச்ச நீதிமன்றம் சொன்னது. அது அறுவை சிகிச்சை பற்றிய வழக்கு. மாத்திரைக்கும் அதை நீட்டி வாதாடலாம், ஆனால் இதை மட்டும் நம்பி நிற்காதீர்கள். 'வாயால் சொன்னேனே' என்பார் டாக்டர். அன்றைக்கு அம்மாவுடன் உள்ளே போனது யார் என்று யோசித்து வையுங்கள்.

போலீஸ் வேண்டாம். உச்ச நீதிமன்றத்தின் ஜேக்கப் மேத்யூ தீர்ப்புக்கு (2005) அப்புறம், வேறொரு மருத்துவரின் பாரபட்சமற்ற கருத்தைப் பெறாமல் போலீஸ் டாக்டர் மீது நடவடிக்கையில் இறங்கக் கூடாது. அதோடு, குற்ற வழக்குக்குப் பெருத்த அலட்சியம் தேவை. அலைச்சல்தான் மிஞ்சும்.

தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். காசு வாங்கிப் பார்த்த டாக்டர் என்பதால் நுகர்வோர் சட்டம் பொருந்தும். நீங்கள் எவ்வளவு நஷ்டஈடு கேட்கிறீர்கள் என்பதை வைத்து அல்ல, டாக்டருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதை வைத்துத்தான் மனுக் கட்டணம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. உங்களுடையது இருநூறு ரூபாய் கன்சல்டேஷன். விழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனு போயாக வேண்டும்.

எதிர்தரப்பு என்ன சொல்லும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்: பாத்ரூம் வழுக்கியது, விளக்கு இல்லை, பிரஷர் மாத்திரையால் தலை சுற்றியது. விழுந்ததற்கு முந்தைய மூன்று நாள் அம்மா எப்படி இருந்தார், தள்ளாடினாரா, பகலில் தூங்கினாரா என்று வீட்டில் எல்லோரையும் கேட்டு எழுதி வையுங்கள். ஆபரேஷன் நடந்த ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது எழுதிய கேஸ் ஷீட்டில் 'மாத்திரை சாப்பிட்டதிலிருந்து மயக்கம்' என்று ஒரு வரி இருந்தாலும் போதும், அது பொன். எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைத் தர வேண்டும் என்பது 2002 மருத்துவ ஒழுங்குமுறை விதி. ஸ்பீடு போஸ்ட்டில் கேளுங்கள், ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

கிளினிக்கில் உங்கள் அம்மாவுக்கென்று தனிப் பதிவேடு இருக்கும் என்று நம்ப முடியாது. அந்த நோட்டு ஒன்றுதான் சாட்சி. ரிவ்யூவுக்கு வரச் சொன்னாலும், 'பார்த்துவிட்டுத் தருகிறேன்' என்றாலும் அதைக் கையில் கொடுத்துவிடாதீர்கள். மிச்சமிருக்கும் மாத்திரை அட்டையையும் தூக்கிப் போடாதீர்கள்; எத்தனை மாத்திரை காலியாகியிருக்கிறது என்பதும் கணக்கில் வரும்.