விசாவில் இருப்பவர் பர்மிங்காமில் ஓட்டுப் போடலாமா?

கேள்வி: நான் மதுரைக்காரி. இரண்டு வருடமாக பர்மிங்காமில் நர்ஸ் வேலை, ஹெல்த் அண்ட் கேர் விசா. மே 7, 2026 அன்று இங்கே கவுன்சில் தேர்தல், நம்ம ஊர் மாநகராட்சித் தேர்தல் மாதிரி. போன வாரம் ஒருவர் "நானும் நம்ம ஊர்தான்" என்று வீட்டுக்கு வந்தார். எனக்கும் ஓட்டு உண்டாம், தபால் ஓட்டுக்கு அவரே எழுதிப் போட்டுவிடுவாராம், கவர் வந்ததும் அவருக்கு ஒரு போன் செய்தால் போதுமாம். இந்திய பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு ஓட்டுப் போட்டால் விசாவுக்குச் சிக்கல் வருமா?

பதில்: போடலாம். விசாவுக்கு ஒன்றும் ஆகாது. அந்த ஆளுக்கு மட்டும் போன் செய்யாதீர்கள்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. இந்த மாதிரி ஆட்களின் பலமே அதுதான். இந்தியா, இலங்கை, மலேசியா போன்ற காமன்வெல்த் நாட்டுக்காரர்கள் செல்லுபடியாகும் விசாவோடு இங்கே குடியிருந்து, 18 வயது ஆகியிருந்தால் எல்லாத் தேர்தலிலும் ஓட்டுப் போடலாம். பிரிட்டிஷ் குடியுரிமை தேவையில்லை. விசாவில் 'அரசு உதவித்தொகை கிடையாது' என்று ஒரு வரி இருக்குமே, அதைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். ஓட்டு என்பது உதவித்தொகை அல்ல. உங்களோடு டூட்டி பார்க்கும் பிலிப்பைன்ஸ் நர்ஸுக்கு இந்த உரிமை இல்லை, அவர் நாடு காமன்வெல்த்தில் இல்லை. இதில் என்ன நியாயம் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

முதலில் வாக்காளர் பட்டியலில் பெயர் சேருங்கள். அரசு இணையதளத்தில் ஐந்து நிமிட வேலை, கட்டணம் கிடையாது, நேஷனல் இன்சூரன்ஸ் எண் கையில் இருந்தால் போதும். ஏப்ரல் 20 நள்ளிரவுதான் கடைசி. இதற்கு யாராவது பத்து பவுண்டு கேட்டால் கதவைச் சாத்துங்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள். அப்பா பெயரை ஓரிடத்தில் இனிஷியலாகவும் இன்னோரிடத்தில் முழுசாகவும் எழுதும் நம் வழக்கம் இங்கே பூத்தில் உட்கார்ந்திருப்பவருக்குப் புரியாது. வீட்டு ஓனர் "என் விலாசத்தில் பதியாதே" என்றால் காரணம் அநேகமாக இதுதான்: தனி ஆள் என்று சொல்லி கவுன்சில் வரியில் 25 சதவீதம் தள்ளுபடி வாங்கிக்கொண்டிருப்பார். அது அவர் பாடு.

இப்போது அந்தக் கவருக்கு வருவோம். இதே பர்மிங்காமில் 2004 கவுன்சில் தேர்தலில் தபால் ஓட்டுகளை வைத்துப் பெரிய மோசடி நடந்தது. 2005இல் வழக்கை விசாரித்த நீதிபதி ரிச்சர்ட் மாவ்ரி, ஆஸ்டன், போர்ட்ஸ்லி கிரீன் வார்டுகளின் தேர்தலை ரத்து செய்தார். இப்படிப்பட்ட மோசடி ஒரு 'பனானா ரிப்பப்ளிக்'குக்கே, அதாவது ஊழலில் ஊறிய குட்டி நாட்டுக்கே, அவமானம் என்கிற அளவுக்குத் தீர்ப்பில் எழுதினார். அதற்கு அப்புறமும் கட்சிக்காரர் அடுத்தவரின் தபால் ஓட்டைத் தொடுவது குற்றம் என்று சட்டம் அமலுக்கு வர 2024 மே ஆகிவிட்டது. இப்போது மாட்டினால் இரண்டு வருடம் வரை சிறை. ஃபாரம் நிரப்ப உதவுவது குற்றமில்லைதான். ஆனால் உங்கள் பிறந்த தேதியும் கையெழுத்தும் இன்சூரன்ஸ் எண்ணும் ஏன் முன்பின் தெரியாத ஒருவர் பைக்குள் போக வேண்டும்?

"அப்படியென்றால் என் கணவர்கூட என் கவரைக் கொண்டுபோகக் கூடாதா?" என்று அடுத்து கேட்பீர்கள். எல்லோரும் கேட்கிறார்கள். கொண்டுபோகலாம். அவர் கட்சிக்காரராக இருந்தாலும் கொண்டுபோகலாம், ஏனென்றால் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தவர் போன்ற நெருங்கிய சொந்தங்களுக்கு அந்தத் தடை இல்லை. கட்சிக்குச் சம்பந்தமில்லாத தோழியும் தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டுவிடலாம். பூத்தில் கொண்டுபோய்க் கொடுப்பதென்றால்தான் கணக்கு: கொடுப்பவர் தன்னுடையதோடு வேறு ஐந்து பேருடையதை மட்டும் தரலாம், அங்கே ஒரு ஃபாரமும் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதாமல் பெட்டியருகே வைத்துவிட்டு வந்தால் அந்த ஓட்டு எண்ணப்படாது. வரும் 'நம்ம ஊர்க்காரர்' உங்கள் கூடப்பிறந்த அண்ணன் இல்லையே?

தபால் ஓட்டுதான் வேண்டும் என்றால் ஏப்ரல் 21 மாலை 5 மணிக்குள் நீங்களே விண்ணப்பியுங்கள். வாக்குச்சீட்டோடு வரும் தாளில் பிறந்த தேதி கேட்கும் இடத்தில் அன்றைய தேதியை எழுதி ஓட்டைப் பாழாக்குபவர்கள் ஏராளம். விண்ணப்பத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டிருந்தால் இதிலும் தமிழிலேயே போடுங்கள்.

என்னைக் கேட்டால் நேரில் போவதே மேல். ஆனால் 2023 முதல் பூத்தில் போட்டோ அடையாளம் காட்ட வேண்டும். சில வருடம் பூத்தில் பட்டியலோடு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு மாலை, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த பெண் போனில் ஈவிசாவை நீட்டினார். பெயர் சரி, முகம் சரி, பட்டியலிலும் இருந்தார். போனில் இருப்பது செல்லாது என்று திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. இரவு பத்து மணி வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் திரும்பி வரவில்லை. முதியோர் பஸ் பாஸ் செல்லுமாம், உங்கள் ஆஸ்பத்திரி பேட்ஜ் செல்லாதாம். எந்த மேதாவி உட்கார்ந்து யோசித்தாரோ! ஆதாரும் இந்திய டிரைவிங் லைசென்ஸும் செல்லாது. இந்திய பாஸ்போர்ட் செல்லும், காலாவதியாகியிருந்தாலும் முகம் உங்களுடையதாகத் தெரிந்தால் சரி.

பூத் வாசலில் ரிப்பன் குத்திக்கொண்டு உங்கள் வாக்காளர் எண்ணைக் கேட்பவர்கள் அதிகாரிகள் அல்ல, கட்சிக்காரர்கள். சொல்லாமல் போகலாம். உள்ளே மெஷின் கிடையாது, விரலில் மையும் கிடையாது. ஒரு தாள், ஒரு பென்சில், பெருக்கல் குறி, அவ்வளவுதான். நகரத்தின் 69 வார்டுகளில் சிலவற்றுக்கு ஒரு கவுன்சிலர், சிலவற்றுக்கு இரண்டு. இரண்டு என்றால் இரண்டு பேருக்குக் குறி போடலாம். 2023இல் கையில் காசில்லை என்று அறிவித்துவிட்டு, 2024இல் வரியைக் கிட்டத்தட்ட 10 சதவீதமும் அடுத்த வருடம் 7.5 சதவீதமும் ஏற்றிய கவுன்சில் இது. அதைக் கட்டுபவர் நீங்கள்தானே?

வியாழக்கிழமை, லீவு கிடையாது. முந்தின இரவு நைட் டூட்டி என்றால் காலையில் வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே போட்டுவிடுங்கள், பூத் 7 மணிக்குத் திறந்துவிடும். பாஸ்போர்ட்டை மட்டும் புதன்கிழமையே பையில் போட்டு வையுங்கள்.