அழியும் நிலைக்குப் போன தீவுப் பாம்பு ஏதாவது மீண்டு வந்திருக்கிறதா? அவற்றை எப்படி எண்ணுகிறார்கள்?

வந்திருக்கிறது. அமெரிக்காவில் நான் இருக்கும் கிளீவ்லாந்திலிருந்து காரில் ஒன்றரை மணி நேரம், அப்புறம் படகில் இருபது நிமிடம் போனால் சவுத் பாஸ் தீவு. ஈரி ஏரியின் மேற்குப் பகுதியில் உள்ள பாறைத் தீவுகளில் ஒன்று. அந்தத் தீவுக் கரைகளில் வாழும் ஈரி ஏரித் தண்ணீர்ப் பாம்பைத்தான் சொல்கிறேன்.

மூன்று வருடம் முன்பு ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவை அங்கே கூட்டிப்போனேன். படகுத்துறை ஓரக் கற்குவியலில், பழைய கயிற்றைச் சுருட்டிப் போட்ட மாதிரி, சாம்பல் நிறத்தில் மூன்று நான்கு வெயில் காய்ந்துகொண்டிருந்தன. என் மகள் அலறிவிட்டாள். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணிப் பாம்புடி, ஒண்ணும் பண்ணாது, வா" என்று நடையைக் கட்டினார். வயல் வாய்க்காலில் எத்தனையோ தண்ணிப் பாம்பு பார்த்தவர். இந்த நிதானம் தீவுக்கு வருபவர்களிடம் இல்லாமல் போனதுதான் பிரச்சினையே.

விஷம் கிடையாது. ஆனால் கையில் எடுத்தால் கடிக்கும். அதன் எச்சில் ரத்தத்தைச் சட்டென்று உறைய விடாது என்பதால் சின்னக் கீறலும் பார்க்கப் பயங்கரமாக ஒழுகும். கூடவே வால் பக்கமிருந்து ஒரு நாற்றத் திரவத்தைப் பீச்சும். சுற்றுலாத் தீவில் இப்படி ஒரு பிராணிக்கு யார் சிபாரிசுக்கு வருவார்? கண்ட இடத்தில் அடித்தார்கள். கரையெல்லாம் வீடும் துறையுமாகப் பெருகியது. 1999இல் அமெரிக்க அரசு இதை ஆபத்திலுள்ள உயிரினப் பட்டியலில் சேர்த்தது.

எண்ணும் வேலையை முன்னின்று செய்தவர்கள் வடக்கு இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் கிங்கும் கிறிஸ்டின் ஸ்டான்ஃபோர்டும். ஸ்டான்ஃபோர்டுக்குத் தீவில் வேறு பெயர். நம் வழக்கில் சொன்னால் 'பாம்புக்காரம்மா'. கோடைத் தொடக்கத்தில் ஒரு குழுவாகக் கரையோரம் நடந்து, கற்களைப் புரட்டி, கையாலேயே பிடிப்பார்கள். நீளம், எடை, ஆணா பெண்ணா என்று குறித்துக்கொண்டு, அடையாள எண் உள்ள அரிசி அளவு சிப் ஒன்றைத் தோலுக்கடியில் செலுத்துவார்கள். வயிறு புடைத்திருந்தால் மெதுவாக அழுத்தி, விழுங்கியதைக் கக்க வைத்துப் பார்ப்பார்கள். பிறகு பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவார்கள்.

எல்லாப் பாம்பையும் பிடிக்க முடியாதே, எண்ணிக்கை எப்படி வரும்? இன்று 100 பாம்புக்குச் சிப் வைத்து விடுகிறோம் என்று வையுங்கள். பிறகொரு நாள் பிடித்த 100இல் 10தான் சிப் உள்ளவை என்றால், நாம் குறியிட்டவை மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. அப்படியானால் கரையில் சுமார் 1,000 இருக்க வேண்டும். நிஜக் கணக்கு இதைவிடச் சிக்கல்; செத்தவை, இடம் மாறியவை எல்லாம் சேரும். அடிப்படை இதுதான்.

கக்க வைத்ததில்தான் சுவாரசியம். இரையில் 90 சதவீதத்துக்கு மேல் ரவுண்ட் கோபி என்ற மீன். கருங்கடல், காஸ்பியன் பக்கத்து மீன்; கப்பல்களின் அடித்தொட்டித் தண்ணீரோடு வந்து 1990களில் ஈரி ஏரியில் பெருகியது. ஏரிக்கு அது பெரிய தொல்லை, பாம்புக்கோ தினம் விருந்து. முன்பைவிட வேகமாக வளர்ந்தன, அதிகக் குட்டி போட்டன. (முட்டையில்லை, குட்டிதான்.)

மீட்சிக்கு வைத்த இலக்கு 5,555 வளர்ந்த பாம்புகள், ஆறு வருடமாவது குறையாமல். லாட்டரி நம்பர் மாதிரி இருக்கிறது, ஆனால் நிஜம். அது நிறைவேறி, 2011இல் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அதற்குப் பிறகும் ஐந்து வருடம் கண்காணிப்புத் தொடர்ந்தது.

மீனுக்கே முழுப் பெருமையும் கொடுக்க நான் தயாரில்லை. தின்னக் கிடைத்தாலும், கரையில் ஒருவர் துடுப்பை ஓங்கினால் என்ன பயன்? பாம்பை வரவேற்கும் பலகைகள் வைத்தார்கள், வீட்டுக்காரர்களிடம் பேசினார்கள், பார்த்தால் என்ன செய்வீர்கள் என்று கருத்துக்கணிப்பும் நடத்தினார்கள். பாம்பைக் கண்காணித்த அளவு மனிதர்களையும் கண்காணித்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம்.

பார்க்க ஆசையா? குளிர்காலத்தில் போகாதீர்கள், பாறை இடுக்குகளில் ஆழத்துக்குப் போய்விடும். ஜூனில் வெயில் ஏறிய காலை நேரம் சரியாக இருக்கும். அம்மா மாதிரி எட்டிப் பார்த்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.