விதிப்புத்தகத்தில் இருக்கும் முயல்

கேள்வி: விலங்குகளை வைத்துச் செய்யும் ஆய்வுகளைப் படிப்படியாகக் கைவிட பிரிட்டன் அரசு திட்டம் அறிவித்திருக்கிறது. அறிவியலில் முன்னணி என்று பெருமை பேசும் சிங்கப்பூர் ஏன் ஒரே கையெழுத்தில் எல்லாவற்றையும் தடை செய்யக் கூடாது? பணம் இல்லையா, மனம் இல்லையா? இணைய மனு ஒன்றில் கையெழுத்துப் போடச் சொல்லி என் பேத்தி நச்சரிக்கிறாள். போடலாமா?
(ஈசூன் வாசகர் ஒருவர்)

பதில்: பணமும் இருக்கிறது, மனமும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் வேலை நடக்காது. ஏன் என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு கதை உண்டு.

ஊசி மருந்து எதுவானாலும், அதில் பாக்டீரியாவின் நச்சு கலந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். ஒரு காலத்தில் மருந்தை முயலுக்குச் செலுத்தி, காய்ச்சல் வருகிறதா என்று பார்த்தார்கள். 1970களில் குதிரைலாட நண்டின் ரத்தம் அந்த வேலைக்கு வந்தது. முயல் தப்பியது, நண்டு மாட்டிக்கொண்டது. அப்புறம் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டிங் ஜெக் லிங், ஹோ பவ் இருவரும் நம் கரையோரச் சேற்றில் வாழும் நண்டினத்திலிருந்து அந்த நச்சைக் கண்டுபிடிக்கும் புரதத்தின் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். புரதத்தை ஆய்வுக்கூடத்திலேயே தயாரிக்க வழி செய்தார்கள். நண்டே வேண்டாம்! இது 1990களில். 2003இல் பரிசோதனைப் பொருளாக விற்பனைக்கும் வந்துவிட்டது.

மருந்தை எந்த முறையில் சோதிக்க வேண்டும் என்று சொல்லும் விதிப்புத்தகம்தான் மருந்துத் தர நூல். ஐரோப்பாவின் தர நூல் இந்த முறைக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கி நடைமுறைக்குக் கொண்டுவந்தது 2021இல். அமெரிக்கத் தர நூலில் அது நடைமுறைக்கு வந்தது 2025இல். கடைக்கு வந்த பொருள் புத்தகத்துக்குள் நுழைய இருபது ஆண்டுக்கு மேல்!

இத்தனை காலம் தொழிற்சாலைகள் ஏன் மாறவில்லை? நூலில் இல்லாத முறையைப் பயன்படுத்தினால், அது பழைய முறைக்குச் சமம் என்று நிறுவனமே நிரூபித்து, கட்டுக்கட்டாக ஆவணம் கொடுக்க வேண்டும். நண்டு ரத்தத்தோடு போனால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். எந்த மேலாளர் தலைவலியை விலை கொடுத்து வாங்குவார்? துணிந்து வாங்கியவர்களில் எலி லில்லி நிறுவனம் ஒன்று. இந்த முறையில் சோதித்த மருந்துக்கு அது 2018இல் அமெரிக்க அனுமதி பெற்றது. அது ஒற்றைத் தலைவலி மருந்து என்பது தற்செயல்தான்.

பிரிட்டன் திட்டத்தில் எல்லோரும் பேசுவது 7.5 கோடி பவுண்டு ஒதுக்கீட்டைப் பற்றி. 2025 நவம்பரில் வந்த அந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்தது வேறு. எந்தச் சோதனை எப்போது போகும் என்று பெயர் சொல்லித் தேதி போட்டிருக்கிறார்கள். தோல் எரிச்சல் சோதனைகளில் விலங்குகள் 2026 முடிவுக்குள் நிற்க வேண்டும். சுருக்கம் நீக்கும் போடாக்ஸின் வீரியத்தை எலிகளில் பார்ப்பது 2027க்குள் நிற்க வேண்டும். மருந்து உடலில் எப்படிப் பரவுகிறது என்று நாய்களிலும் குரங்குகளிலும் பார்க்கும் ஆய்வுகள் 2030க்குள் குறைந்தது 35 சதவீதம் குறைய வேண்டும். மொத்தமாகத் தேதி குறித்தால் என்ன ஆகும் என்பதற்கு நெதர்லாந்து சாட்சி. பாதுகாப்புச் சோதனைகள் பலவற்றில் விலங்குகளை 2025க்குள் விட்டுவிடலாம் என்று அங்கே அரசின் ஆலோசனைக் குழு 2016இல் சொன்னது. 2025 போய்விட்டது, சோதனைகள் போகவில்லை.

சரி, சிங்கப்பூர்? இங்கே 2004 முதலே ஆய்வுக்கு விலங்கைப் பயன்படுத்த உரிமம் வேண்டும். ஒவ்வொரு ஆய்வுத் திட்டத்தையும் நிறுவனக் குழு பார்த்து, விலங்கில்லாத வழி தேடினீர்களா என்று கேட்க வேண்டும். ஒரே கையெழுத்தில் தடை போட்டால், நிறுவனங்கள் அதே சோதனையை வெளிநாட்டில் செய்து, அறிக்கையை மட்டும் கொண்டுவந்து மருந்தை இங்கே பதிவு செய்யும். எலிக்கு ஊர் மாறும், அவ்வளவுதான். நம் சுகாதார அறிவியல் ஆணையம் 2017 முதல் மருந்து விதிகளை வகுக்கும் சர்வதேச மன்றத்தில் உறுப்பினர். மருந்துச் சோதனை விதிகள் எழுதப்படும் மேசையில் நமக்கு நாற்காலி இருக்கிறது. கண்டுபிடிப்பும் நம்முடையது என்னும்போது அங்கே கொஞ்சம் சத்தமாகவே பேசலாம்.

ஒன்றை மறைக்க முடியாது. கருவில் வளரும் குழந்தைக்கு ஒரு மருந்து என்ன செய்யும், ஈரலும் மூளையும் சேர்ந்து எப்படி எதிர்வினை காட்டும் என்பதையெல்லாம் ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த உயிரணுக்கள் இன்னும் முழுதாகச் சொல்வதில்லை. அதற்காக விலங்கு எல்லாம் சொல்லிவிடுகிறது என்றும் எண்ண வேண்டாம். 2006இல் லண்டனில், குரங்குகளுக்கு ஒன்றும் செய்யாத ஒரு மருந்து தன்னார்வலர்கள் ஆறு பேரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பியது.

பேத்தியின் மனுவில் எந்தச் சோதனை, எந்த ஆண்டுக்குள் என்று எழுதியிருக்கிறதா, பாருங்கள். 'எல்லா வதையையும் நிறுத்து' என்று மட்டும் இருந்தால் உங்கள் கையெழுத்து அவளைச் சந்தோஷப்படுத்தும், அதற்கு மேல் ஒன்றும் செய்யாது. இன்னொரு வேலையும் இருக்கிறது. உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்கு அவளோடு போய், எந்தச் சோதனைக்கு ஆண்டுக்கு எத்தனை விலங்கு என்று நாடாளுமன்றத்தில் கேட்கச் சொல்லுங்கள். பிரிட்டன் அந்தக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுகிறது.