கல்லூரிக்கு முன் ஒரு வருடம் கன்சர்வேஷன் கோரில் சேர்வது வீணா? அதில் வேலைவாய்ப்பு உண்டா?

(டென்வரில் வசிக்கும் பெற்றோர் கேட்டது. பள்ளி முடித்த மகள், கல்லூரியை ஒரு வருடம் தள்ளிப்போட்டு, கன்சர்வேஷன் கோர் எனப்படும், மலைப்பாதை போடுவது போன்ற இயற்கைப் பாதுகாப்பு வேலை செய்யும் இளைஞர் குழுவில் சேர நினைக்கிறாராம்.)

வீண் இல்லை. ஆனால் ஒரு வருடம் மண்வெட்டி பிடித்ததாலேயே யாரும் கூப்பிட்டு வேலை தரப்போவதில்லை. மணிக்கணக்கையும் சான்றிதழ்களையும் ஆரம்பத்திலிருந்தே கவனித்தால்தான் பலன். பிள்ளைகள் கோட்டை விடுவதும் அங்கேதான்.

முதலில் விசா. அமெரிகோர் என்ற மத்திய அரசுச் சேவை அமைப்பின் நிதியில் நடக்கும் இடங்களில் சேர அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். எச்-4 விசாவில் (எச்-1பி ஊழியரின் குடும்பத்தினருக்கானது) இருக்கும் பிள்ளைக்கு அந்த வழி இல்லை. பிறகு மத்திய அரசு வேலைக்குப் போவதென்றால் அநேகமாகக் குடியுரிமையே கேட்பார்கள்.

சம்பளத்தை நம்பிப் போகவேண்டாம். 1933-ல் ரூஸ்வெல்ட் தொடங்கிய சிவிலியன் கன்சர்வேஷன் கோரில் மாதம் 30 டாலர் கொடுத்து, அதில் சுமார் 25-ஐ நேராக வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இன்று மகளிடமிருந்து அப்படி எதுவும் வராது, எதிர்பார்த்துவிடாதீர்கள்! கலிஃபோர்னியா கன்சர்வேஷன் கோர் தன் முழக்கத்திலேயே 'கடும் உழைப்பு, குறைந்த சம்பளம், படுமோசமான சூழல்' என்று சொல்லித்தான் ஆள் எடுக்கிறது.

காசு வேறு வடிவில் வருகிறது. அமெரிகோர் பணியில் 1,700 மணி நேரம் முடித்தால் கிடைக்கும் கல்வித் தொகை, பெல் கிராண்ட் என்ற மத்திய அரசுக் கல்லூரி உதவித்தொகையின் உச்சவரம்புக்குச் சமம். 2024-25 கணக்கில் 7,395 டாலர். 900 மணி நேரத்துக்கு அதில் பாதி. ஏழு வருடத்துக்குள் கல்லூரிக் கட்டணத்துக்கோ கல்விக் கடனுக்கோ பயன்படுத்தலாம். பயன்படுத்தும் வருடத்தில் அது வருமானமாகக் கணக்காகி வரி வரும். ஆகஸ்டில் கல்லூரி திறக்கிறது என்று 40 மணி நேரம் பாக்கி வைத்துவிட்டுக் கிளம்பினால் ஒரு டாலர்கூடக் கிடைக்காது. கடும் நோய் போன்ற காரணத்துக்கு விகிதப்படி தருவார்கள். கல்லூரியில் சேர்வது அந்தப் பட்டியலில் இல்லை. மழை, காட்டுத்தீப் புகை, காயம் என்று நாட்கள் போய்க்கொண்டே இருக்கும். அதனால் கல்லூரி தேதிக்கு மூன்று வாரம் முன்பே மணிநேரம் முடிகிற மாதிரி திட்டமிடச் சொல்லுங்கள்.

வேலைக்கு உதவுவது பப்ளிக் லேண்ட்ஸ் கோர் (பொது நிலங்களில் இளைஞர்கள் பணிபுரியும் மத்திய அரசுத் திட்டம்) சான்றிதழ். 640 மணி நேரப் பாதுகாப்புப் பணி முடித்திருக்க வேண்டும், அதில் குறைந்தது 120 மணி நேரம் அந்தத் திட்டத்தின் கீழ் செய்ததாக இருக்கவேண்டும். இது கையில் இருந்தால், வெளியாட்களுக்குத் திறக்காத மத்திய அரசுக் காலியிடங்களுக்கும் இரண்டு வருடம் வரை விண்ணப்பிக்கலாம். 2019-க்கு முன் இந்த அவகாசம் வெறும் 120 நாள்தான். ஒரு கோடைக்கால 450 மணி நேரப் பணி மட்டும் இதற்குப் போதாது. நகரப் பூங்காவில் புல் வெட்டிய நாட்கள் அந்த 120-இல் சேராமல் போகலாம். எந்தெந்தப் பணி கணக்கில் வரும், யார் கையெழுத்திடுவார் என்று சேரும் முன்பே கேளுங்கள். சீசன் முடிந்து அந்த அதிகாரி இடம் மாறிவிட்டால், பிறகு கையெழுத்துக்கு அலைய வேண்டியதுதான்.

அடுத்தது ரம்பம். எஸ்-212 என்ற செயின்சா (இயந்திர ரம்பம்) பயிற்சியும் முதலுதவிச் சான்றும் இருந்தால் செயின்சா வேலைக்கு உதவும். 'வனாந்தரம்' என்று சட்டப்படி அறிவித்த பகுதிகளில் செயின்சாவுக்குத் தடை இருப்பதால், இரண்டு பேர் இழுக்கும் கைரம்பம் தெரிந்தவருக்குத் தனி மதிப்பு. காட்டுத்தீ அணைப்பில் ஆர்வமென்றால் எஸ்-130, எஸ்-190 என்ற அடிப்படைத் தீயணைப்புப் பயிற்சிகளோடு 45 பவுண்டு சுமையைத் தூக்கி 3 மைலை 45 நிமிடத்தில் நடக்கும் சோதனையும் உண்டு.

ரெஸ்யூமேயில் 'பாதை பராமரித்தேன்' என்று எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். செய்த வேலையின் நுணுக்கத்தைச் சொல்லவேண்டும். உதாரணமாக, தண்ணீரை வெளியே தள்ள பாதையின் குறுக்கே கல்வரிசை பதிப்பார்கள். நேர் குறுக்காகப் பதித்தால் ஓட்டம் தேங்கி, வண்டல் படிந்து, ஒரே மழையில் தண்ணீர் கல்லுக்கு மேலேறி வழிந்து பாதையை ஓடையாக்கிவிடும். சுமார் 45 டிகிரி சாய்த்து, கல்லின் பெரும்பகுதியை மண்ணுக்குள் புதைத்து, வெளியேறும் வாயை அகலமாக விடவேண்டும். எத்தனை கல்வரிசை, எந்த நிலத்தில், எத்தனை பேர் குழு என்று தினமும் நோட்டில் குறித்துவைக்கட்டும். மத்திய அரசு விண்ணப்பத்தில் தொடங்கிய, முடிந்த மாதமும் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதும் இல்லையென்றால் அனுபவமாகவே எடுத்துக்கொள்ளாமல் போகலாம்.

இப்போது ஒரு எச்சரிக்கை. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஆளெடுப்பை நிறுத்திவைத்தது. ஏப்ரலில் அமெரிகோர் ஏறக்குறைய 40 கோடி டாலர் மானியங்களை ரத்து செய்தது, பிறகு வழக்குகள். அதனால் மத்திய அரசை மட்டும் நம்பாமல் மாநிலப் பூங்காத் துறை, கவுண்டி, நில அறக்கட்டளை வேலைகளையும் பார்க்கவேண்டும். சேரும் குழுவிடம், "இந்த சீசனுக்கான நிதி உறுதியாகிவிட்டதா, நடுவில் நின்றால் என் மணிநேரம் என்னாகும்?" என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவைக்கச் சொல்லுங்கள்.