கொரிய மாணவர்களும் கைபேசியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கல்லூரி முதலாண்டு படிக்கும் என் மகள், கொரிய மாணவர்கள் படிக்கும் காணொளிகளை ஓடவிட்டுக்கொண்டுதான் தானும் படிக்கிறாள். மேசை, விளக்கு, தாள் புரளும் ஓசை, அவ்வளவுதான், முகம்கூடத் தெரிவதில்லை. பார்க்க அமைதியாக இருக்கிறது. ஆனால் அந்நாட்டுப் பதின்பருவத்தினர் கடும் மன அழுத்தத்தில் இருப்பதாகவும் அதற்குச் சமூக ஊடகங்களே காரணம் என்றும் வாசிக்கிறேன். வகுப்பறையில் கைபேசிக்குத் தடை விதித்துச் சட்டமே இயற்றிவிட்டார்கள். உண்மையில் நோய் கைபேசியில்தான் இருக்கிறதா?

செ. கவிதா, ஈரோடு

அன்புள்ள கவிதா,

அந்தக் காணொளிகளின் அமைதி பார்ப்பவருக்கானது. மேசைக்கு முன் அமர்ந்திருக்கும் பிள்ளை எதற்காகப் படிக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கொரியாவில் ஆண்டுதோறும் நவம்பர் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் சுனுங் என்னும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு நடக்கிறது. அன்று பங்குச் சந்தை ஒரு மணி நேரம் தாமதமாகத் திறக்கும்; ஆங்கிலம் கேட்டறியும் தேர்வு நடக்கும் அரைமணிக்குச் சற்று மேலான நேரத்தில் நாட்டின் எந்த விமான நிலையத்திலும் விமானம் ஏறுவதோ இறங்குவதோ இல்லை. கொரிய மொழியிலும் கணிதத்திலும் ஒன்பது தரங்களில் முதல் தரம் பெறுவோர் ஏறத்தாழ நூற்றுக்கு 4 பேர்தான். எல்லோரும் நன்றாக எழுதினாலும் அந்த எண்ணிக்கை உயராது என்பதால், தான் எவ்வளவு படித்தோம் என்பதைக் காட்டிலும் மற்றவர் எவ்வளவு படிக்கிறார் என்பதே பிள்ளைகளின் கவலையாகிவிடுகிறது. ஹாக்வோன் எனப்படும் தனிப்பயிற்சி நிலையங்கள் செழிப்பதும் இதனால்தான். 2024இல் தனிப்பயிற்சிக்குக் கொரியப் பெற்றோர் செலவிட்டது சுமார் 29.2 லட்சம் கோடி வொன். அதே ஆண்டில் மாணவர் எண்ணிக்கையோ குறைந்திருந்தது.

இந்தக் கவலைதான் இன்ஸ்டாகிராமில் அழகாக உடுத்திக்கொண்டு வருகிறது. படிப்புக்கென்றே கணக்கு வைத்திருக்கும் மாணவர்கள் அன்றன்றைய திட்டக்குறிப்பேட்டைப் படமெடுத்துப் போடுகிறார்கள். அதில் ஒவ்வொரு மணி நேரமும் பத்துப் பத்து நிமிடங்களாக ஆறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். படித்த கட்டத்துக்கு மட்டும் வண்ணம் தீட்ட வேண்டும். உண்டதும் குளித்ததும் வெள்ளைக் கட்டங்களாக நிற்கும். பக்கத்தில் நிறுத்துக்கடிகாரம், அதில் பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் என்று எண்கள். யோல்பும்தா என்றொரு செயலி இன்னும் ஒரு படி மேலே போய், குழுவில் யார் இந்த நொடியில் படித்துக்கொண்டிருக்கிறார், இதுவரை எவ்வளவு நேரம் படித்தார் என்பதை உடனுக்குடன் காட்டுகிறது. தனியே படிப்பவருக்கு அது துணையாகவும் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் படுக்கப்போகும் வேளையில் இன்னொருவரின் கடிகாரம் ஓடிக்கொண்டிருப்பதைக் காணும் பதினேழு வயதுப் பிள்ளைக்கு உறக்கம் குற்றமாகத் தோன்றாமல் என்ன செய்யும்?

மறுபக்கம் வேறு. பெற்றோரும் வகுப்புத் தோழர்களும் அறியாத இரண்டாவது கணக்குகளைப் பெயரில்லாமல் வைத்துக்கொண்டு, வீட்டில் சொல்ல முடியாததைப் பலர் அங்கே எழுதுகிறார்கள். 2011, 2012ஆம் ஆண்டுகளின் பொது இடுகைகளில் தற்கொலை பற்றிக் கொரியப் பதின்பருவத்தினர் எழுதியவற்றைச் சலித்தெடுத்து ஆராய்ந்தவர்கள், படிப்பு நெருக்கடியே அவற்றின் முதன்மைக் காரணி என்று கண்டனர். ஆயினும் இத்தகைய ஆய்வுகள் எழுதியவர்களை மட்டுமே எண்ணக்கூடியவை. தேர்வாண்டில் சமூக ஊடகங்களை நீக்கிவிட்டு, இணையமே இல்லாத ‘படிப்புக் கைபேசி’க்கு மாறிவிடும் மாணவர்கள் அங்கே உண்டு; நெருக்கடி முற்றும் மாதங்களில் அவர்கள் எந்தக் கணக்கெடுப்பிலும் சிக்குவதில்லை. இடுகைகள் குறைந்தால் துயரம் குறைந்தது என்று எவரேனும் எழுதினால் நான் நம்பமாட்டேன்.

இனி உங்கள் கேள்வி. 9 முதல் 24 வயது வரையிலான கொரியர்களின் மரணக் காரணங்களில் தற்கொலை 2011 முதல் முதலிடத்தில் இருக்கிறது. அப்போது திறன்பேசி அங்கே பரவத் தொடங்கியிருந்த காலம். சுனுங் தேர்வோ 1993 முதல் நடந்துவருகிறது, ஹாக்வோன்கள் அதனினும் பழையவை. ஆகவே கைபேசியை மூலகாரணம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்காக அது குற்றமற்றது என்றும் ஆகாது. வகுப்பறையோடு முடிந்திருக்க வேண்டிய ஒப்பீட்டைப் படுக்கைவரை கொண்டுவந்து சேர்த்தது அதுதான்.

2025 ஆகஸ்டில் நிறைவேறிய சட்டம் முதன்மையாக வகுப்பு நேரத்தையே கட்டுப்படுத்துகிறது. இத்தகைய நேரக்கட்டுப்பாட்டைத் தலைநகர் சோல் முன்பே பார்த்துவிட்டது. ஹாக்வோன்கள் இரவு 10 மணிக்கு மேல் இயங்கக் கூடாது என்று அங்கே விதி உண்டு. பத்து மணிக்கு வெளியே வரும் பிள்ளைகளுக்காகப் படிப்பகங்கள் நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கின்றன. நான் கவனிப்பது வேறொரு மாற்றத்தை. 2025இல் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தவர்களுக்குப் பள்ளி மதிப்பீடு ஒன்பது தரங்களிலிருந்து ஐந்தாகக் குறைக்கப்பட்டு, முதல் தரம் நூற்றுக்கு 4 பேரிலிருந்து 10 பேருக்கு விரிந்திருக்கிறது. சுனுங் மட்டும் அதே ஒன்பது தரங்களோடு நீடிக்கிறது. பள்ளியில் தளர்ந்த போட்டி அப்படியே தேர்வின் பக்கம் சாய்ந்துவிடும் என்றே அஞ்சுகிறேன். 2027 நவம்பரில் தேர்வெழுதப்போகும் அந்த முதல் அணியினரின் குறிப்பேடுகளில் வெள்ளைக் கட்டங்கள் கூடுகின்றனவா என்பதை உங்கள் மகளே அந்தக் காணொளிகளில் பார்த்துச் சொல்லக்கூடும்.