முகம் பார்க்கும் பிள்ளைகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். எழுத வருவதற்கு முன் நீங்கள் பள்ளி விடுதி ஒன்றில் காப்பாளராக இருந்தவர் என்று படித்திருக்கிறேன். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன். நான் ஆசிரியை. இந்தக் கல்வியாண்டில் எங்கள் உறைவிடப் பள்ளியின் பெண்கள் விடுதிப் பொறுப்பையும் என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். 11 முதல் 15 வயது வரை நாற்பது பிள்ளைகள். "முதல் மாதம் சிரித்துவிடாதீர்கள், அப்புறம் பிடிக்குள் வர மாட்டார்கள்" என்று சொல்லித்தான் சாவியைக் கையில் கொடுத்தார்கள். எனக்கு அது வரவில்லை. சிரிக்கவும் முடியாமல் முறைக்கவும் முடியாமல் தவிக்கிறேன்.

புதிதாகச் சேர்ந்த சிறுமி ஒருத்தி வீட்டோடு தொலைபேசியில் பேசி முடித்ததும் அழத் தொடங்கிவிடுகிறாள். ஒரு மாதம் பேசவே விடாதீர்கள், பழகிவிடும் என்கிறார்கள். மாணவத் தலைவிகள் வெகு திறமைசாலிகள். சின்னச் சின்னத் தண்டனைகளைக்கூட அவர்களே கொடுத்துவிடுகிறார்கள். விடுதி அமைதியாக இருக்கிறது, ஆனால் அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. சென்ற வாரம் ஒருத்தி வந்து, "ஒன்று சொன்னால் யாரிடமும் சொல்ல மாட்டீர்களே?" என்று கேட்டாள். என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் "நாளைக்குப் பேசலாம்" என்று சொல்லிவிட்டேன். அவள் பிறகு வரவே இல்லை.

நல்ல காப்பாளர் கண்டிப்பானவராக இருக்க வேண்டுமா, அன்பானவராக இருக்க வேண்டுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

கடைசியாக எழுதியதற்கு முதலில் பதில் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் அவசரமானது அது ஒன்றுதான். அந்தப் பெண்ணை இன்றே தேடிப் போய்ப் பேசுங்கள். ஆள் அனுப்பி அலுவலக அறைக்கு அழைக்காதீர்கள். அழைத்தால் ஏன் அழைத்தார் என்று நாற்பது பேரும் அவளிடம் கேட்பார்கள். துணி மடிக்கும் இடத்திலோ, நடைக்கூடத்திலோ அவள் தனியாக இருக்கும்போது, "அன்று ஏதோ சொல்ல வந்தாய், நான் தள்ளிப்போட்டுவிட்டேன். இப்போது எனக்கு நேரம் இருக்கிறது" என்று மட்டும் சொல்லுங்கள். அவள் ஒன்றுமில்லை என்றால் விட்டுவிட்டு, இரண்டு நாள் கழித்து இன்னொரு முறை கேளுங்கள்.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "உனக்கோ மற்றவர்களுக்கோ ஆபத்து என்றால் நான் இன்னாரிடம் சொல்லியாக வேண்டும். சொல்வதற்கு முன் உன்னிடம் தெரிவிப்பேன். மற்றதெல்லாம் என்னோடு இருக்கும்" என்பதை அவள் வாய் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். இதைக் கேட்டுச் சில பிள்ளைகள் அன்றைக்கு வாயை மூடிக்கொள்வார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் வாக்குக் கொடுத்துவிட்டு மீறுவதால் வரும் சேதம் அதைவிடப் பெரியது. அடியோ, பாலியல் தொல்லையோ, தன்னையே காயப்படுத்திக்கொள்வதோ எதுவாக இருந்தாலும் அவள் சொன்ன சொற்களிலேயே எழுதிவைத்து, அன்றே பள்ளியில் குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் கொண்டுபோங்கள். அப்படித் தெரிவிப்பதைப் பல நாடுகளில் சட்டமே கட்டாயமாக்கியிருக்கிறது. நீங்களே விசாரணையில் இறங்க வேண்டாம். துருவித் துருவிக் கேட்டால் பிள்ளையின் பேச்சில் உங்கள் சொற்கள் கலந்துவிடும். பிறகு எது அவள் சொன்னது என்று பிரித்தெடுக்க முடியாது.

இனி கண்டிப்பும் அன்பும்.

வீட்டில் அம்மா கோபமாக இருந்தால் பிள்ளை அப்பாவிடம் போகலாம், பாட்டியிடம் போகலாம், கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடலாம். விடுதியில் அந்த வசதி கிடையாது. எப்போது தூங்குவது, எப்போது வீட்டோடு பேசுவது, தலைவலி உண்மையா பாசாங்கா என்பதெல்லாம் ஒரே ஆளின் கையில் இருக்கின்றன. அதனால் விடுதிப் பிள்ளைகள் வெகு சீக்கிரத்தில் காப்பாளரின் முகம் பார்த்துப் பிழைக்கக் கற்றுக்கொள்கிறார்கள். வானிலை பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். உங்கள் செருப்புச் சத்தம் வேகமாக வருகிறதா மெதுவாக வருகிறதா என்பதைக் கேட்டே முதல் அறைப் பிள்ளை அடுத்த அறைக்குச் சைகை காட்டிவிடுவாள். உங்களிடம் அனுமதி கேட்க வருகிறவளைக் கவனித்துப் பாருங்கள். தேவை ஒருத்திக்கு இருக்கும், வந்து கேட்பவள் இன்னொருத்தியாக இருப்பாள். உங்களுக்குப் பிடித்தவள் யார் என்று அவர்கள் கண்டுபிடித்து, அவளைத் தூது அனுப்பியிருப்பார்கள். தூது வருவது அதிகமானால் உங்கள் முகத்தைப் படிப்பதில் அவர்கள் பெரும் உழைப்பைச் செலவிடுகிறார்கள் என்று பொருள். அந்த உழைப்பை அவர்களுக்கு மிச்சப்படுத்துவதுதான் காப்பாளரின் வேலை என்று நான் நினைக்கிறேன்.

தினமும் ஒரே மாதிரி கண்டிப்பாக இருக்கிறவரோடு பிள்ளைகள் எப்படியோ வாழ்ந்துவிடுவார்கள். ஒருநாள் தோளில் கைபோட்டுப் பேசி, மறுநாள் அதே குறும்புக்கு எரிந்து விழுகிறவரோடுதான் வாழ முடியாது. ஆகவே சிரியுங்கள். உங்களுக்குச் சிரிப்பு வருமென்றால் முதல் நாளிலிருந்தே சிரியுங்கள். முதல் மாதம் முறைத்துவிட்டு இரண்டாம் மாதம் சிரிப்பது என்ற அறிவுரை எவ்வளவு பழையது என்று தெரியவில்லை, அதைச் சொன்ன யாரும் இரண்டாம் மாதத்தில் சிரித்து நான் பார்த்ததில்லை.

உங்களிடம் வந்து கேட்டே ஆக வேண்டியவற்றைக் குறைத்துவிடுவது இதற்கு எளிய வழி. பெண்கள் விடுதியில் இதற்கு ஓர் உதாரணம் போதும். மாதவிடாய் அணையாடைகளை உங்கள் அறை அலமாரியில் வைத்துப் பூட்டி, கேட்டால் எடுத்துக் கொடுப்பது என்ற ஏற்பாடு பல இடங்களில் இருக்கிறது. 11 வயதுப் பிள்ளைக்கு முதல் முறை வருவது நள்ளிரவாக இருக்கும். அவள் உங்கள் கதவைத் தட்ட மாட்டாள். விடியும்வரை குளியலறையிலேயே உட்கார்ந்திருப்பாள். குளியலறைக்குள்ளேயே பூட்டில்லாத ஒரு பெட்டி, அதில் அணையாடைகள், மாற்று உள்ளாடை, பழைய தாளில் சுற்றிப் போட மூடியுள்ள கூடை. யார் எடுத்தார்கள் என்ற கணக்கு வேண்டாம். வீணாக்குவார்கள் என்று நிர்வாகம் சொல்லும். கொஞ்சம் வீணாகும்தான். ஆகட்டும்.

அழும் சிறுமிக்கு வருகிறேன். வீட்டு ஏக்கத்தை மருத்துவம் கவனிக்கத் தொடங்கி முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. 1688இல் சுவிட்சர்லாந்தின் பாஸல் பல்கலைக்கழகத்தில் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் அதைப் பற்றியே தம் ஆய்வேட்டை எழுதினார். பெர்னிலிருந்து பாஸலுக்குப் படிக்க வந்த ஓர் இளைஞன் அதில் வருகிறான். துயரமும் காய்ச்சலுமாகப் படுத்த படுக்கையாகி, பிழைக்க மாட்டான் என்ற நிலைக்குப் போய்விட்டான். ஊருக்கு அனுப்பிவிடலாம் என்று முடிவாயிற்று. பயண ஏற்பாடுகள் தொடங்கியதுமே அவனுக்கு மூச்சு சீரானது, நகரத்தை விட்டுச் சில மைல் தாண்டியதும் நோய் தணிந்தது, பெர்ன் வந்து சேர்வதற்குள் முழுக்கக் குணமாகிவிட்டான் என்கிறார் ஹோஃபர். இதில் அவன் தேறத் தொடங்கிய இடம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வீட்டு வாசலை மிதித்த பிறகு தேறவில்லை. போகப்போகிறோம் என்று உறுதியானபோதே தேறத் தொடங்கிவிட்டான்.

உங்கள் சிறுமியிடம் ஒரு மாதம் பேசக்கூடாது என்று சொல்வது அந்த உறுதியைப் பறிப்பது. பேச விடுங்கள், ஆனால் நேரத்தை நிலையாக்குங்கள். எந்தெந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்பது அவளுக்கும் தெரிய வேண்டும், அவள் பெற்றோருக்கும் தெரிய வேண்டும். அழுகையைப் பார்த்துக் கூடுதல் அழைப்பும் வேண்டாம், அழுததற்காக அழைப்பை நிறுத்தவும் வேண்டாம். தூங்குவதற்குச் சற்றுமுன் பேசினால் அழுகையோடு படுக்கைக்குப் போவாள். மாலையில் பேசிவிட்டால் அதன் பிறகு விளையாட்டோ படிப்போ வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். விடுமுறை எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பதை அவளே எழுதித் தன் அலமாரிக் கதவில் ஒட்டிக்கொள்ளட்டும். பெற்றோரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். "நீ இல்லாமல் வீடே வெறிச்சென்று இருக்கிறது" என்று அவர்கள் அன்பில் சொல்வது இந்தப் பக்கம் வந்து சேரும்போது வேறு மாதிரி ஆகிவிடும். அழுகை வாரக்கணக்கில் குறையாமல், சாப்பாடும் தூக்கமும் கெட்டுப்போனால் அது வேறு விஷயம். அப்போது மருத்துவரையும் பெற்றோரையும் அழையுங்கள், திருப்பி அனுப்புவதைத் தோல்வியாக எண்ணாதீர்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் எல்லா வயதிலும் விடுதி பொருந்தாது.

மாணவத் தலைவிகள் விஷயத்தில் உங்கள் உள்மனம் சரியாகவே சொல்கிறது. மூத்த மாணவர் கையில் அதிகாரத்தைக் கொடுத்து விடுதியை நடத்தும் முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. இங்கிலாந்தின் ரக்பி பள்ளியில் 1828 முதல் 1842இல் இறக்கும்வரை தலைமையாசிரியராக இருந்த தாமஸ் ஆர்னால்டு, மேல்வகுப்பு மாணவர்களுக்கு இளையவர்களைத் தண்டிக்கும் உரிமையையும் கொடுத்து அதை ஒரு கல்விக் கொள்கையாகவே ஆக்கினார். பல பள்ளிகள் அதைப் பின்பற்றின. நிர்வாகத்துக்கு அது வெகு வசதி. சத்தம் அடங்கும், வரிசை நேராகும், காப்பாளர் அறையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தலாம். ஆனால் பிள்ளை முகம் பார்த்து நடக்க வேண்டியவர்கள் இப்போது ஒருவருக்குப் பதில் ஆறு பேர் ஆகிவிடுகிறார்கள். அந்த ஆறு பேருக்கும் வயது 15. அவர்களுக்கும் தேர்வு இருக்கிறது, சண்டை இருக்கிறது, பழைய கணக்கு இருக்கிறது. தாங்கள் 11 வயதில் பட்டதைத் திருப்பிக் கொடுக்கும் முறை வந்துவிட்டது என்று அவர்களில் ஒருத்தியாவது நினைப்பாள்.

போலந்தின் வார்சாவில் யானுஷ் கோர்ச்சாக் செய்ததை இதற்கு எதிரில் வைத்துப் பார்க்கலாம். குழந்தை மருத்துவரான அவரும் ஸ்டெஃபானியா வில்சின்ஸ்காவும் 1912 முதல் அங்கே ஓர் அநாதைக் குழந்தைகள் இல்லத்தை நடத்தினார்கள். 1942 ஆகஸ்டில் நாஜிகள் அந்தக் குழந்தைகளை ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டுபோனபோது இருவரும் அவர்களோடு போனார்கள். கோர்ச்சாக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் அந்த முடிவைத்தான் பேசுகிறார்கள். விடுதி நடத்துகிற நமக்கு அதற்கு முந்தைய முப்பது ஆண்டுகளின் அன்றாடம் முக்கியம். அங்கே புதிதாக வரும் பிள்ளையை முதல் மூன்று மாதம் மூத்த பிள்ளை ஒன்றின் பொறுப்பில் விடுவார்கள். மூத்தவருக்குக் கிடைத்தது இளையவரைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு. தண்டிக்கும் உரிமை அவரிடம் இல்லை. வழக்கு என்றால் குழந்தைகளின் நீதிமன்றம் இருந்தது. அந்த வாரம் தம்மீது வழக்கு இல்லாத பிள்ளைகளிலிருந்து சீட்டுப் போட்டு நீதிபதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன் சட்டத்தொகுப்பில் முதல் 99 பிரிவுகளும் மன்னிப்பதற்கோ வழக்கைக் கைவிடுவதற்கோ உரியவை. கோர்ச்சாக் அரையாண்டுக்குள் ஐந்து முறை தம்மீதே வழக்குப் போட்டுக்கொண்டார். ஒரு பையனின் காதில் அறைந்தது, ஒருவனைப் படுக்கையறையிலிருந்து வெளியேற்றியது, ஒருவனை மூலையில் நிறுத்தியது, ஒரு நீதிபதியை அவமதித்தது, ஒரு சிறுமியைத் திருடி என்று சந்தேகித்தது. இந்தப் பட்டியலை அவரே எழுதிவைத்திருக்கிறார்.

நீங்கள் நீதிமன்றம் அமைக்க வேண்டாம். அதற்குக் கோர்ச்சாக் அளவுக்குப் பொறுமை வேண்டும், எனக்கே அது இருந்ததில்லை. தண்டிக்கும் உரிமையை மட்டும் தலைவிகளிடமிருந்து இந்த வாரமே எடுத்துவிடுங்கள். அவர்களைத் தனியே அழைத்து, இனி என்னென்ன அவர்கள் வேலை, என்னென்ன இல்லை என்பதை அவர்களோடு உட்கார்ந்து எழுதுங்கள். புதியவளுக்குத் துணை போவது, சிறியவர்களின் வருகைப் பதிவு, யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் வந்து சொல்வது. அந்தத் தாளைப் பிள்ளைகள் எல்லோரும் படிக்கும்படி பலகையில் போடுங்கள். முதல் பத்து நாள் விடுதியில் சத்தம் கூடும். உங்கள் காதுக்கு வராமல் இதுவரை அடங்கியிருந்த சத்தம் அது.

விளக்கணைக்கும் நேரத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். 6 முதல் 12 வயதுவரை 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் தேவை என்பது 2016இல் அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் வெளியிட்ட பரிந்துரை. பருவ வயதில் உடலின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது. 15 வயதுப் பெண் ஒன்பது மணிக்குத் தூக்கம் வராமல் புரள்வது திமிரினால் இல்லை. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளக்கணைப்பதை மாற்றி, வயதுக்கேற்ப இரண்டு நேரம் வையுங்கள். இரவுச் சண்டைகளில் பாதி அதிலேயே போய்விடும்.

பெட்டிகளைச் சோதனையிடுவது, கடிதங்களைப் பிரித்துப் படிப்பது இவை உங்கள் விடுதியில் வழக்கமா என்று தெரியவில்லை. வழக்கமென்றால் நிறுத்துங்கள். 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை, 16ஆம் பிரிவில், குழந்தையின் அந்தரங்கத்திலும் கடிதத் தொடர்பிலும் காரணமின்றித் தலையிடக் கூடாது என்கிறது. காரணம் இருந்து சோதிக்க வேண்டிய நாள் வந்தால், அந்தப் பிள்ளையின் முன்னிலையில், இன்னொரு பெரியவரையும் உடன் வைத்துக்கொண்டு சோதியுங்கள்.

இன்னும் ஒன்று. மாலைப் படிப்பு முடிந்து படுக்கப் போகும்வரை உள்ள நேரத்தில் தினமும் ஒரே இடத்தில், கதவு திறந்திருக்கும்படி, கையில் ஏதாவது வேலையோடு உட்காருங்கள். யாரையும் கூப்பிட வேண்டாம். பொத்தான் தைக்கக் கேட்டு வருவார்கள், ஊசி நூலை வாங்கிக்கொண்டு போக மாட்டார்கள். பேச்சு அங்கேதான் தொடங்கும்.

உங்கள் ஓய்வு நாள் எது என்று கடிதத்தில் இல்லை. இல்லாததால் எழுதவில்லை என்றே சந்தேகப்படுகிறேன். வாரத்தில் ஒரு முழு நாளைக் கேட்டு வாங்குங்கள். தூக்கம் கெட்ட காப்பாளரின் முகம் மணிக்கு ஒருமுறை மாறும். நீங்கள் இல்லாத நாளில் யார் பொறுப்பு, அவர் எந்த அறையில் இருப்பார், நீங்கள் எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை முந்தைய நாளே பலகையில் எழுதிவிட்டுப் போங்கள். எழுதிய மணிக்குத் திரும்பியும் விடுங்கள்.